துண்டுக்குள் போன தாசில்தார்

ஆடு வாங்க வருகிறவர்களில் ரஃபியா இன்னும் பார்க்காத ரகம் ஒன்றே ஒன்றுதான்: சொன்ன விலையைக் கொடுத்து, ஆட்டைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் போகிறவர். அப்படி ஒருவர் என்றைக்காவது உத்தமபாளையம் வந்தால் உட்காரவைத்துப் பிரியாணி போட்டு அனுப்புவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இதுவரை அதற்காக அரிசி ஊறவைக்க வேண்டி வந்ததில்லை.

மற்ற ரகமெல்லாம் பார்த்தாயிற்று. போனில் சலாமோ வணக்கமோ சொல்வதற்கு முன்பே “லாஸ்ட் பிரைஸ் என்ன?” என்று கேட்பவர்கள் ஒரு கூட்டம். “மொத விலையே நான் இன்னும் சொல்லலையே, தம்பி” என்று குரல் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அதோடு ஆள் காணாமல் போய்விடுவார். அல்லிநகரத்திலிருந்து ஒருவர் கத்தாத ஆடாக வேண்டும் என்றார். மாடி வீடாம், கீழ்வீட்டுக்காரர் கோபக்காரராம். “அப்ப மீன் வாங்கித் தொட்டியில விடுங்கண்ணே” என்றாள். கம்பத்திலிருந்து வந்த நவாஸ் ஒரு கிடாவைப் பார்த்துவிட்டு, ஷார்ஜாவில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ போட்டார். அண்ணன், மதினி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு பட்டாளமே திரைக்குள் முண்டியடித்தது. இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு, கொஞ்சம் நடக்கவிடு என்று அரை மணி நேரம். கடைசியில் கடல் தாண்டி ஒரு குரல் வந்தது: “மூஞ்சி கொஞ்சம் சோகமா இருக்கே?”

“எதுக்கு வாங்குறீகன்னு அதுக்குத் தெரியுமில்ல” என்றாள் ரஃபியா.

மேகமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஜெபராஜ் இன்னொரு ரகம். ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் சின்னமனூர் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். பிள்ளைகள் குட்டிகளைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். ரஃபியா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, “எங்க கடை டீயவிட நல்லா இருக்கு” என்று மனசாரச் சொல்வார். யோசித்துச் சொல்வதாகப் போய்விடுவார். ஒருநாள் போனில் கேட்டார்: “அடுத்த வாரம் எதாச்சும் குட்டி போடுமா மேடம்? சின்னவன் பார்க்கணுங்கறான்.”

குமுளி மலையிறங்கி வருகிற மலையாளத்துக்காரர்கள் ஆட்டைக் கைக்குழந்தைபோல் தூக்கி எடை பார்ப்பார்கள். ஆடும் தோளில் தலை சாய்த்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். அழகு முடிந்ததும் “சேச்சி, கொறச்சு தரணே” என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஆரம்பத்துக்கு முடிவு மதியச் சாப்பாடு தாண்டித்தான்.

இந்தப் பிழைப்பை அவள் தேடிப்போகவில்லை. கணவர் ஹக்கீம் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி ஓட்டுகிறார். கம்பத்துத் திராட்சையையும் தேங்காயையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்வருவார். ஒருமுறை வண்டி காலியாகத் திரும்ப வேண்டாமே என்று இரண்டு தலைச்சேரிப் பெட்டைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வந்த அன்றே அவை கொடியில் காய்ந்த புதுச் சேலையின் முந்தானையைத் தின்றன. மறுநாள் மல்லிகைப் பந்தல். அதற்கும் மறுநாள் ஆடுகளையும் ஹக்கீமையும் சேர்த்தே மலையேற்றி அனுப்பிவிடுவது என்று ரஃபியா முடிவு செய்திருந்தாள். விடிந்து பார்த்தால் ஒரு பெட்டையின் காலடியில் ஈரம் காயாத குட்டிகள், காது ஒவ்வொன்றும் வெற்றிலை மாதிரி தொங்கிக்கொண்டு. முந்தானை மன்னிக்கப்பட்டது.

இப்போது வீட்டுக்குப் பின்னால் மரச்சட்டம் போட்டு உயர்த்திக் கட்டிய கொட்டகை, சுற்றித் தீவனத்துக்கு அகத்தியும் வேலிமசாலும், ஆறேழு தெருவுக்குக் கேட்கும் சத்தம்.

வளர்ப்பதில் ஹக்கீம் கெட்டிக்காரர். விற்பதில் அவரைப் போல ஒரு ஆபத்து கிடையாது. “புள்ளைக்குக் காய்ச்சல் பாய், கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று ஒருவர் சொன்னதற்கு விலையைக் குறைத்து, ஒரு கட்டு அகத்தி கொடுத்து, ஆட்டையும் ஆளையும் தன் வண்டியிலேயே தன் டீசலிலேயே கூடலூர்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு, வழியில் அந்தப் பிள்ளைக்கு ரொட்டியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். அன்றைக்கே ரஃபியா சட்டம் போட்டுவிட்டாள். ஆள் வந்தால் ஹக்கீம் நாற்காலி போடலாம், டீ கொடுக்கலாம், ஆட்டைப் பிடித்துக் காட்டலாம். வாயைத் திறக்கக் கூடாது.

அவள் விற்கும் விதம் வேறு. அதுவும் தானாக அமைந்ததுதான். முதன்முதலாக ஒரு கிடாவைச் சந்தைக்குக் கொண்டுபோனபோது, தரகர் ஈஸ்வரபாண்டி பழக்கத்தில் துண்டை விரித்துக் கையை நீட்டிவிட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் துண்டுக்குள் போகும். எந்த விரலை எத்தனை தரம் பிடிக்கிறார்கள் என்பதுதான் விலை. வாய் பேசாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. நீட்டிய பிறகுதான் எதிரே நிற்பது ஒரு பெண் என்பது ஈஸ்வரபாண்டிக்கு உறைத்தது. சுடுசட்டியைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“வீட்ல ஆம்பளையாளக் கூட்டிட்டு வாத்தா.”

“அவுக வந்தா ஆட்ட சும்மாவே குடுத்துட்டுப் போயிருவாக” என்றாள் ரஃபியா. பிறகு சந்தை நடுவில் நின்று, தான் கேட்கும் விலையை உரக்கச் சொன்னாள். சந்தையே திரும்பிப் பார்த்தது. நாலைந்து ஆடுகளும் திரும்பிப் பார்த்தன. அதுவரை ரகசியமாகவே இருந்து பழகிய ஒரு விஷயத்தை இப்படிப் பட்டப்பகலில் அவிழ்த்துவிட்டாளே என்று பெரியவர்களுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் கிடா அந்த விலைக்கே போனது. அன்றிலிருந்து அவளுக்கு ‘வாய்விலை ரஃபியா’ என்று பெயர். ஒருதடவை சொன்ன விலை ஏறாது, இறங்காது. ஒருவருக்குச் சரி என்று சொன்ன கிடாவுக்குப் பின்னாலேயே வந்த கேரளத்துக் கார் அதிகம் தருகிறேன் என்றபோதும் மாற்றியதில்லை. வாய்விலைக்காரி வார்த்தை மாறமாட்டாள் என்பதுதான் அவள் கடைக்கு மாட்டியிருக்கும் போர்டு.

அந்தப் போர்டு கழன்று விழ இருந்தது போன மாசி மாதம்.

அதற்கு முன் தாசில்தாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தாசில்தார் அவளுடைய பொலிகிடா. பெட்டைகளைச் சினைப்படுத்துவதற்கென்றே வைத்திருக்கும் ஒற்றைக் கிடா. ஒரு புள்ளி வெள்ளை கிடையாது, தார் ஊற்றியதுபோல் கறுப்பு. மூன்று தரம் கூப்பிட்டால்தான் எழுந்து வரும், வந்தாலும் பாதி வழியில் நின்று யோசிக்கும் என்பதால் அந்தப் பெயர். அதன் வம்சத்துக் குட்டிகள் என்றால் கூடலூரிலிருந்து போடிவரை ஆள் வரும். சுற்றுவட்டாரத்துப் பெட்டைகளெல்லாம் பருவத்துக்கு வந்தால் நேரே இங்கேதான். தாசில்தார் இருக்கும்வரைதான் அது பண்ணை; தாசில்தார் போனால் வெறும் ஆட்டுக்கொட்டகை. அதற்கு விலை உண்டா என்று கேட்பவர்களிடம், “எங்க வீட்டுக்காரருக்குக்கூட விலை சொல்லுவேன், இதுக்கு மாட்டேன்” என்பாள்.

அந்த மாசியில், குலசாமி கோயில் களரித் திருவிழாவில் வெட்டக் கிடா வாங்க மயிலாடும்பாறையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஒரு கிடாவுக்கு ஒரு வேன் சனம். ஹக்கீம் எங்கெங்கோ ஓடி நாற்காலி சேகரித்தார். பக்கத்து வீட்டு லத்திபா ஏணி போட்டு ஏறி, மதில்மேல் முகவாயை வைத்து வேடிக்கைக்கு இடம்பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்துக்குத் தலைவர் மொக்கைச்சாமி. சந்தை சந்தையாக மாடு வாங்கி விற்று நரைத்தவர். வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு, யாரையும் நம்பாத கண். அவருக்கு மேல் அவருடைய அக்கா சுப்புத்தாய். அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். மருமகன் விஜய்பாண்டி கையில் போனோடு எல்லாவற்றையும் படம் பிடித்தான்.

விற்பதற்கென்று ரஃபியா மூன்று கறுப்புக் கிடாக்களை நிறுத்தியிருந்தாள். மொக்கைச்சாமி ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

“காலு நல்லா ஊனி நிக்கும்ணே” என்றாள் ரஃபியா.

“நீயே சொல்றேன்னா காலுலதான் ஏதோ இருக்கு.”

அடுத்த கிடாவுக்குக் காதோரம் ஒரு பழைய தழும்பு. அதை அவளே காட்டினாள். மொக்கைச்சாமி பங்காளிகள் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார்.

“பாத்தியளா, சின்னக் குறையக் காட்டுறா. பெருங்குறை எங்கனயோ ஒளிஞ்சிருக்கு.”

“அண்ணே, நல்லதச் சொன்னாலும் நம்ப மாட்றீக, கெட்டதச் சொன்னாலும் நம்ப மாட்றீக. அப்ப நான் எதத்தான் சொல்ல?”

“நீ ஒண்ணும் சொல்லாத தாயி. விக்கிறவ வாயில வர்றத அப்படியே திருப்பிப் போட்டா அதுதான் நெசம். அம்பது வருசமா மாட்டச் சுத்திக் கண்டுபிடிச்சது.”

மூன்று கிடாவும் தள்ளுபடி. அப்போது கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “மாமோய், இங்கன வந்து பாருங்க, யான மாதிரி ஒண்ணு நிக்கிது!”

கூட்டம் மொத்தமும் பின்பக்கம் ஓடியது. தாசில்தார் வாயில் ஒரு திராட்சைக் கொடியோடு நின்று, வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தது.

“அது விக்கிறதுக்கு இல்ல” என்றாள் ரஃபியா.

மொக்கைச்சாமியின் முகத்தில் விளக்கு எரிந்தது. “விக்கிறதுக்கு இல்லையா! அப்ப இதுதான்டா நம்ம கிடா.”

“நெசமாவே இல்லண்ணே. பொலிகிடா. இது போனா எம் பொழப்பே போச்சு.”

“அடேயப்பா, என்னமா வெல ஏத்துறா பாரு” என்று மெச்சினார் மொக்கைச்சாமி.

இந்த நேரத்தில்தான் விஜய்பாண்டி, தாசில்தாரை முழுசாகப் படம் பிடிப்பதற்காகப் பின்னால் நகர்ந்து நகர்ந்து போய்க் குட்டிகளின் பட்டிக் கதவில் சாய்ந்தான். கதவு திறந்துகொண்டது. அவன் உள்ளே விழுந்தான், குட்டிகள் வெளியே வந்தன. வந்தவை நேராக லத்திபா வீட்டு வாசலுக்குள் பாய்ந்தன. லத்திபா அன்றைக்குப் பார்த்து மொட்டுமொட்டாக வத்தல் பிழிந்து காயப்போட்டிருந்தாள்.

“யா அல்லாஹ், என் வத்தலு!”

ரஃபியா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே பங்காளிகளில் பாதிப் பேர் ஓடினார்கள். குட்டி பிடிக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு குட்டி கட்டிலுக்கடியில், ஒன்று சமையலறையில், ஒன்று லத்திபாவின் முந்தானையில்.

இந்தப் பக்கம் தாசில்தாரின் அருகே ஹக்கீம் தனியாக நின்றார். டீ டம்ளர் கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டப்படி வாய் மூடியிருந்தது. எதிரே மொக்கைச்சாமி. அவர் ஹக்கீமை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் பேசவில்லை, கையில் துண்டு, கை துண்டுக்குள். சந்தையில் நரைத்த மனிதருக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். இதுவரை வாய் கிழியப் பேசியது பொம்பளை, உண்மையான வியாபாரி இந்த அமுக்கன்தான் என்று முடிவு கட்டினார். தன் கையையும் அந்தத் துண்டுக்குள் விட்டார்.

ஹக்கீமுக்கு உள்ளங்கையில் கூச்சம் அதிகம். விரலைப் பிடித்ததும் நெளிந்தார். மொக்கைச்சாமி இரண்டு விரலை அழுத்தினார். ஹக்கீம் இழுத்துக்கொள்ளப் பார்த்து இன்னொரு விரலை மாட்டிவிட்டார். சிரிப்பை அடக்கத் தலையைத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

“முடிஞ்சது!” என்று மொக்கைச்சாமி போட்ட சத்தம் மதிலைத் தாண்டியது. “ஏலே, கிடா முடிஞ்சது! பாய் சரின்னுட்டாரு!”

ரஃபியா இரு கையிலும் இரு குட்டியோடு திரும்பி வந்தபோது பங்காளிகள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குலவை போட ஆரம்பித்திருந்தார்கள். ஹக்கீம் சுவரோடு சுவராக நின்றார்.

“என்ன முடிஞ்சது?”

ஹக்கீம் வாயைத் திறக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார்.

“தெறந்து தொலைங்க!”

“எனக்கே தெரியல ரஃபி. கையப் பிடிச்சாரு, கூசுச்சு.”

“எம்புட்டுக்குக் கூசுச்சு?”

மொக்கைச்சாமி தொகையைச் சொன்னார். ஒரு சுமாரான செல்போன் வாங்கக்கூடக் காணாது. மதில்மேல் லத்திபா நெஞ்சில் கை வைத்தாள். வத்தல் போன துக்கம் அவளுக்கு அந்த நொடியில் மறந்தேபோனது.

ரஃபியா இரண்டு குட்டிகளையும் பட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். இல்லை என்று சொல்லிவிடலாம். என் வீட்டுக்காரருக்குத் துண்டு வியாபாரம் தெரியாது, கை கழுவிவிட்டுத் துடைத்தார், அவ்வளவுதான் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் துண்டுக்குள் முடிந்த விலையை மறுத்தால் சந்தை ஒப்பாது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நாளைக்கே பேச்சாகிவிடும்: வாய்விலைக்காரி வீட்டில் கைவிலை செல்லாதாம். அதற்குப் பிறகு அவள் சொல்லும் எந்த விலையை யார் நம்புவார்கள்? வார்த்தையைக் காப்பாற்றினால் கிடா போகிறது, கிடாவைக் காப்பாற்றினால் வார்த்தை போகிறது. தாசில்தார் இது எதுவும் தன் மேசைக்கு வராத மாதிரி திராட்சைக் கொடியை மென்றுகொண்டிருந்தது.

“அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்று சுப்புத்தாயிடம் போனாள்.

சுப்புத்தாய் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். எழுந்தாள். தாசில்தாரைச் சுற்றி ஒரு நடை வந்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

“கிடா நல்லாத்தான் இருக்கு. ஆனா வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி உத்தரவு கேக்கணும்.”

“உத்தரவு கோயில்லதானக்கா கேப்பாக?” என்றார் மொக்கைச்சாமி.

“போன வருசம் கோயில்லதான கேட்ட? என்னாச்சு?”

பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். அந்தக் கதை பிறகு ரஃபியாவுக்குத் தெரிந்தது. சாமி முன்னால் கிடாமேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவை வெட்டமாட்டார்கள். போன வருடத்துக் கிடா காலையிலிருந்து உச்சிவெயில்வரை சிலுப்பவில்லை. விருந்துக்கு வந்த சம்பந்திகள் பசியில் சிலுப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் ரசஞ்சோறு.

“சாமி அங்கன இருக்காரு, நீ இங்கன கேக்குறியே” என்று முணுமுணுத்தார் மொக்கைச்சாமி.

“சாமிக்கு பஸ்ஸு டிக்கெட்டா எடுக்கணும்? எங்கனயும் இருப்பாரு. ஏத்தா, மஞ்சப்பொடி இருக்கா?”

ரஃபியா சமையலறையிலிருந்து மஞ்சள்தூளும் செம்புத் தண்ணீரும் கொண்டு வந்தாள். வேலியிலிருந்த வேப்பங்கொத்தை ஒடித்துக் கொடுத்தவரும் ஹக்கீம்தான். அவளிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். சுப்புத்தாய் கண்ணை மூடி எதையோ சொல்லிக் கிடாவின் தலையிலும் முதுகிலும் தண்ணீரைத் தெளித்தாள். விஜய்பாண்டி போனை உயர்த்தினான்.

தாசில்தார் கண்ணை மூடியது.

சிலுப்பவில்லை. கழுத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்று என்பதுபோல் நின்றது. இன்னொரு செம்பு. முதுகிலிருந்து தண்ணீர் வழிந்து வயிற்றில் சொட்டியது. முகத்தில் அப்படியொரு சுகம்.

ரஃபியாவுக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. பொலிகிடாவின் வாடை பொல்லாதது. தெருமுனையிலிருந்தே மூக்கைப் பிடிக்கும். லத்திபா இதற்காக மதிலேறிச் சண்டை போட்டதில், ஹக்கீம் தினமும் சாயங்காலம் மோட்டார் போட்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்து, ஷாம்பு தேய்த்துக் கிடாவைக் குளிப்பாட்டி வந்தார். மழையில் மற்ற ஆடுகள் கொட்டகைக்குள் ஓடும். தாசில்தார் வெளியே வந்து நிற்கும்.

“ஊத்துங்க, நல்லா ஊத்துங்க!” என்றார் மொக்கைச்சாமி. வாளி வந்தது. பங்காளிகள் முறை வைத்து ஊற்றினார்கள். காதில் ஊற்றினார்கள், வாலில் ஊற்றினார்கள். “சிலுப்புடா ராசா” என்று கெஞ்சினார்கள். ஒருவர் எதிரே நின்று எப்படிச் சிலுப்ப வேண்டும் என்று தானே உடம்பைக் குலுக்கிக் காட்டினார். பெண்கள் குலவையைப் பாதியில் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள். தாசில்தார் ஒரு பக்கம் போதும் என்று நிதானமாகத் திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது. மதில்மேல் லத்திபா சிரித்துச் சிரித்து ஏணியிலிருந்து ஒருபடி இறங்கிவிட்டாள்.

சுப்புத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். “ஏத்தா, இது ஏன் சிலுப்ப மாட்டேங்குது?”

ரஃபியா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சாமி வேண்டாம் என்றுவிட்டார், கிடா வீட்டில், வார்த்தையும் வீட்டில். ஆனால் விற்கும் ஆட்டைப் பற்றி ஒருவர் நேருக்கு நேர் கேட்டால் உள்ளதைச் சொல்லியே பழகிய நாக்கு அது. புத்தி தடுப்பதற்குள் ஓடிவிட்டது.

“அது உத்தரவுமில்ல, ஒண்ணுமில்லக்கா. அதுக்குத் தண்ணி பழகிப்போச்சு. இவுக தெனமும் குளிப்பாட்டுறாக. எம்புட்டு ஊத்துனாலும் இப்படித்தான் நிக்கும்.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். ஹக்கீம் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியானால் இது கணக்கில்லை, வண்டியில் ஏற்று என்று சுப்புத்தாய் சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் மொக்கைச்சாமி முந்திக்கொண்டார். அவர் முகத்தில் விளக்கு திரும்பவும் எரிந்தது. இந்தத் தடவை இரண்டு மடங்கு.

“குளிப்பாட்டுறாகளாம்ல! கிடாயக் குளிப்பாட்டுறாகளாம்! கேட்டியளாடா கதைய? சாமி வேணாம்னு ஒதுக்குன கிடாய நம்ம தலையில கட்டப் பாக்குறா!”

“சத்தியமாண்ணே. வேணும்னா லத்திபாட்டக் கேளுங்க.”

“ஆமாண்ணே, ஷாம்புகூடப் போடுவாக!” என்று லத்திபா மதிலிலிருந்து சாட்சி சொன்னாள்.

“ஷாம்பு!” மொக்கைச்சாமி இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “ரெண்டு பொம்பளைகளும் பேசி வச்சிருக்குதுக. தாயி, மொக்கைச்சாமிய ஏமாத்த இன்னொருத்தி பெறந்து வரணும். இந்தக் கிடா எங்களுக்கு வேணாம்.”

“துண்டுக்குள்ள முடிஞ்ச வெலைண்ணே” என்றாள் ரஃபியா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குரலில் இருந்தது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை.

“உத்தரவு குடுக்காத கிடாக்குத் துண்டாவது துணியாவது! வேணாம்னா வேணாம்தான். கட்டாயப்படுத்தாத!”

சுப்புத்தாய் ரஃபியாவின் முகத்தையும் கிடாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அந்தத் தழும்புக் கிடாயக் கொண்டாங்க” என்றாள்.

முன்பு தள்ளுபடியான கிடா திரும்ப வந்தது. சொட்டுத் தண்ணீர் பட்டதும் மின்சாரம் தொட்டதுபோல் சிலுப்பியது. குலவை தெருவைத் தூக்கியது. விற்பனை விலையை ரஃபியா உரக்கச் சொன்னாள். மொக்கைச்சாமிக்கு அலுத்துப்போயிருந்தது, பேரமே பேசாமல் கொடுத்துவிட்டார். கிடாவை ஏற்றிக்கொண்டு கூட்டம் வேனை நோக்கி நகர்ந்தது. மொக்கைச்சாமி மட்டும் கடைசியாக ஒருதரம் தாசில்தாரின் அருகே வந்து, “என்னைய ஏமாத்தப் பாத்தியே” என்று அதன் தாடையைப் பிடித்தார்.

தண்ணீர் நின்றுபோனது அப்போதுதான் தாசில்தாருக்குப் புரிந்திருக்க வேண்டும். குளியல் முடிந்தது. கால் நான்கையும் அகட்டி ஊன்றி, மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனிவரை, காது பட்பட்டென்று அடித்துக்கொள்ள, ஒரு சிலுப்பு சிலுப்பியது. வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். மொக்கைச்சாமி முகத்தை வழித்துக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, சிலுப்பிருச்சு.”

“பாத்தேன்.”

“அப்ப உத்தரவு…”

“அடுத்த கிடாக்கு உத்தரவு வாங்கி, காசும் குடுத்து, வண்டியிலயும் ஏத்தியாச்சு. சாமிகிட்டப் போயி ரெண்டாந்தடவ கேப்பியா? அவரு என்ன ஒன்னைய மாதிரிப் பேரம் பேசுறவரா? போய் வண்டியில ஏறு.”

மொக்கைச்சாமி ஏறினார். சட்டை சொட்டிக்கொண்டே ஏறினார். வேனுக்குள் யாரோ முதலில் சிரிக்க, பிறகு வேனே குலுங்கியது. ஹக்கீம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரஃபியா தாசில்தாரின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்ததில் முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது சுப்புத்தாய் இன்னும் அங்கேயே நின்றாள்.

“எங்க வீட்டுலயும் ஒரு வெள்ளாட்டுப் பெட்ட நிக்கிது” என்றாள் மெதுவாக, வேன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. “பருவத்துக்கு வந்ததும் கூட்டிட்டு வாரேன். இவன எங்கயும் வித்துப்புடாத. சேத்துவிட என்ன கேப்ப?”

ரஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விலையை உரக்கச் சொன்னாள்.

“அம்புட்டா!” சுப்புத்தாய் கன்னத்தில் கை வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து அவிழ்த்தாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது.

“இருங்கடா, அவசரப்படாதீக” என்று சத்தம் போட்டாள். “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”